மாடியறை

சென்னைக்குப் படிக்க வந்தபோது எனக்கு வயது பதினேழு. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமக்காளம், அப்பா எழுதிக் கொடுத்த இரண்டு விலாசங்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தலை சாய்க்கத்தான் இடம் இல்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மாடியறை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். எந்த ஊர் என்றார். அப்பா என்ன செய்கிறார் என்றார். ஊரில் எந்தத் தெருவில் வீடு என்றார். சொன்னேன்.

"அடடா, நேற்றுத்தானே தம்பி, ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்!" என்று வருத்தப்பட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மாடியறை பூட்டியே கிடந்தது.

இரண்டே வருஷத்தில் கல்லூரிக்கு நான் முழுக்குப் போட்டுவிட்டேன். ஆனால் அந்த மோரின் புளிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. பின்னாளில் ஒரு நாவலுக்காகத் திருவல்லிக்கேணியின் பழைய சங்கதிகளைத் துருவியபோதுதான், இந்த மாடியறைக் கதை எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று தெரிந்தது. ஒரு காலத்தில் அது இந்த மாகாணத்தின் அரசியலையே தொட்டிருக்கிறது.

1857-ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. அதன் பிறகு ஜில்லாக்களிலிருந்து பிள்ளைகள் பட்டணத்துக்கு வரத் தொடங்கினார்கள். பச்சையப்பன் கல்லூரியும் கிறிஸ்தவக் கல்லூரியும் அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தன. பிரசிடென்சி கல்லூரி கடற்கரையில். அதற்குக் கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணி. கோயிலும் குளமும் கடற்காற்றும் உள்ள இடம். ஊரை விட்டு வந்த பையனுக்கு ஊரைப் போலவே தோன்றும். ஆகவே மாணவர்கள் அங்கே குவிந்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். அவருக்கும் மாணவர் ஜாகைக்கும் சின்ன வயதிலேயே சம்பந்தம் உண்டு. கும்பகோணத்தில் அவருடைய தாயார் கோமளத்தம்மாள், கல்லூரி மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சாப்பாடு போட்டு வந்தார். அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே ராமானுஜன் கற்றுத் தீர்த்துவிட்டார்.

1906-ல் பச்சையப்பனில் சேர்ந்தார், எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. சில வருஷம் கழித்து வேலை தேடி மறுபடியும் பட்டணத்துக்கு வந்தார். பட்டம் இல்லை, பணம் இல்லை. சேப்பாக்கம் விக்டோரியா மாணவர் விடுதியில் ஒரு நண்பரின் அறையில் கொஞ்ச காலம் தங்கினார். பிறகு திருவல்லிக்கேணி சாமிப் பிள்ளைத் தெருவில், பிரசிடென்சி கல்லூரி மாணவர்கள் கூடி வாழ்ந்த ஒரு வீட்டில் ஒண்டிக்கொண்டார். 1912 மார்ச்சில்தான் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதுவரை அவரைத் தாங்கியதில் நண்பர்களின் அறைக்கும் இலைக்கும் பங்கு உண்டு. அந்த அறை கிடைக்காமல் போயிருந்தால், கும்பகோணத்துக்கு ரயிலேறியிருப்பார். லண்டனுக்குக் கப்பல் ஏறியிருப்பாரா?

இதில் நாம் சுலபமாக மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த நண்பர்களோடு உண்ணவும் உறங்கவும் ராமானுஜனுக்கு அவருடைய பிறப்பு தடையாக இல்லை.

தடை இருந்தவர்கள் அதே திருவல்லிக்கேணியில் அதே வருஷங்களில் அலைந்துகொண்டிருந்தார்கள். கோயமுத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த பிராமணரல்லாத பையனுக்கு, பிராமணர்கள் நடத்திய விடுதிகளிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் இடம் கிடைக்கவில்லை. ஆதிதிராவிட மாணவன் பாடு இன்னும் கடினம். அங்கேயே வைத்தியம் செய்துவந்த டாக்டர் சி. நடேச முதலியார் இதைக் கண்ணால் கண்டவர். மேடையேறிக் கண்டனம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. பிராமணரல்லாத மாணவர்களுக்கென்று ஒரு வீட்டைப் பிடித்தார். 'திராவிடர் இல்லம்' என்று பெயர் வைத்தார். அங்கே தங்கிப் படித்த கோவை மாணவர் ஆர். கே. சண்முகம் செட்டியார், 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆனார்.

ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாமல் இருந்த தியாகராயச் செட்டியாரையும் டாக்டர் டி. எம். நாயரையும் ஒன்றுசேர்த்ததில் இந்த வைத்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. 1916 நவம்பரில் அவர்கள் கூடி அமைத்ததுதான் ஜஸ்டிஸ் கட்சி என்று ஜனங்கள் அழைத்த தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1920-ல் அது மந்திரிசபை அமைத்தது. அடுத்த வருஷமே உத்தியோகங்களில் வகுப்புவாரிப் பங்கீட்டுக்கு உத்தரவு பிறந்தது. ஒரு விடுதியால் ஆட்சி வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உத்தியோகம், படிப்பு, மேடை என்று காரணங்கள் பல. ஆனால் உத்தியோகம் கிடைக்காதவன் முப்பது வயதில் கோபப்படுகிறான். அறை கிடைக்காதவன் பதினேழு வயதில், பசியோடு, தெருவில் நின்று கோபப்படுகிறான். அந்தக் கோபத்துக்கு ஆயுள் அதிகம்.

இரண்டு வீடுகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று ஒரு மேதையைப் பட்டினியிலிருந்து காத்தது. மற்றொன்று தெருவில் நின்றவர்களை உள்ளே அழைத்தது. ஆனாலும் இரண்டு வாசலிலும் பையனின் பிறப்பைப் பார்த்துத்தான் கதவு திறந்தது. அது யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. அதில் ஒரு மாடியறையும் இருக்கிறது. சென்ற ஆனி மாதம் ஒரு பையன் பையும் படுக்கையுமாக வந்து நின்றான். உட்காரச் சொன்னேன். எந்த ஊர் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றேன். மூன்றாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது.

"வாடகை எவ்வளவு தம்பி தர முடியும் உன்னால்?" என்று கேட்டேன்.