பத்துப் பேர் வேண்டும்

யாங்கூன் 26ஆம் தெருவில், பெயின்ட் கடைகளுக்கு நடுவே, முஸ்மேயா யெஷுவா என்ற யூத ஜெபாலயம் இருக்கிறது. 1854இல் மரத்தால் எழுப்பியதை, பாக்தாத் வழி வந்த யூதர்கள் 1893க்கும் 1896க்கும் இடையே கல்லில் கட்டினார்கள். கொஞ்ச தூரம் நடந்தால், தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில். இரண்டு சமூகங்களையும் ரங்கூனுக்கு இழுத்தது பிரிட்டிஷ் பர்மாவின் வணிகம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது இரண்டும் இந்தியாவை நோக்கி ஓடின.

போருக்கு முன் பர்மாவில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தார்கள். இந்த ஜெபாலயத்தில் 126 தோராச் சுருள்கள் இருந்தன. இன்று சுருள்கள் இரண்டு. மிஞ்சிய யூதர்கள் இருபது பேர் அளவில். அவர்களின் மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால்தான் அந்த எண்ணிக்கை நிறைகிறது.

பத்து என்ற விதி பழையது. அதற்குள் பிரபஞ்சத்தையே கண்டவர்கள் கபாலா ஞானிகள். கபாலா என்றால் 'பெற்றுக்கொண்டது', வழிவழியாக வந்தது என்று பொருள். நம் கபாலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்ட 'ஸோஹார்' அதன் தலைநூல்.

எல்லையற்ற இறை, பத்து செஃபிரோத் வழியாக வெளிப்படுகிறது என்பது கபாலாவின் அடிப்படை. அவற்றை ஒரு மரமாக வரைவார்கள். உச்சியில் கெதெர், சொல்லுக்கு எட்டாத சித்தம். அடுத்து ஹொக்மா, பளிச்சென்று தோன்றும் அறிவு. பினா, அதை விரித்து உணரும் அறிவு. வலப்புறம் ஹெசெத் அள்ளிக் கொடுக்கிறது. இடப்புறம் கெவுரா அணை போடுகிறது. அணையில்லாத கருணை வெள்ளம்போல் மூழ்கடித்துவிடும். கருணையில்லாத கண்டிப்பு எரித்துவிடும். நடுவில் திஃபெரெத் இரண்டையும் இணக்குகிறது. கீழே நெட்ஸா, ஹோத், யெசோத். ஒவ்வொன்றும் மனித உடலிலும் மனத்திலும் இடம் பெறுவதால், இறைவனின் வரைபடமே மனத்தின் வரைபடமும் ஆகிறது. ஆறு ஆதாரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமல்ல.

பத்தாவது மல்குத். அதுதான் ஷெகினா, மண்ணில் தங்கும் இறைச் சாந்நித்தியம், பெண்ணாக உருவகிக்கப்படுவது. மக்கள் நாடு இழந்தபோது அவளும் அவர்களோடு நாடுகடந்தாள் என்பது மரபு. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. அடுத்த நூற்றாண்டில் சஃபேத் நகரில் ஐசக் லூரியா, படைப்பின்போதே பாத்திரங்கள் உடைந்து ஒளிப்பொறிகள் சிதறின என்றார். சிதறியதைச் சேர்ப்பதே மனிதனின் வேலை. அகதிகளின் வேதனையே இப்படித் தத்துவமானது என்று கெர்ஷோம் ஷோலெம் வாதிட்டார். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை.

ரங்கூனை விட்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாதம் சட்டென்று புரியும். பத்துப் பேர் கூடினால் ஷெகினா அங்கே இருப்பாள் என்கிறது தால்முத். தனியாக அமர்ந்து தோரா படிப்பவனோடும் இருப்பாள் என்று அதே இடத்தில் சொல்கிறது. 26ஆம் தெருவில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பது அந்த இரண்டாவது நம்பிக்கையில்தான் என்று எனக்குப் படுகிறது.