கோப்பிக் காலத்து மலையகமும் நம்மவர் வணிகமும்

மலையகம் என்றாலே நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் காட்டை வெட்டி முதலில் நட்டது கோப்பிக் கன்றுகளை. 1870ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து பத்து இலட்சம் அந்தருக்கு மேல் பச்சைக் கோப்பிக் கொட்டை கப்பலேறியது. பிரேசில், ஜாவா ஆகியவற்றோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்ட நாடு இது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெயர் மறைந்தே போனது.

கோப்பியை இத்தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. ஏமனில் சூஃபிகள் இரவு வணக்கத்துக்காகப் பருகிய கஹ்வா, மொக்காத் துறைமுகம் வழியே உலகைச் சுற்றிய கதையை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டிக் கிராமத்தவரோ கொட்டையை வறுத்துக் குடிக்கவில்லை. இலையைக் கறிக்கு எடுத்தார்கள், பூவை விகாரையில் வைத்தார்கள். பெருந்தோட்டம் ஆங்கிலேயருடன் வந்தது. 1824இல் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்டும், அடுத்த ஆண்டு கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் தொடங்கினார்கள். மேற்கிந்தியக் கோப்பிக்கு இருந்த சுங்கச் சலுகை 1835இல் இலங்கைக்கும் கிடைத்ததும், காடு கோடரிக்கு இரையானது.

அக்காலத்தில் சந்தையில் இருவகைக் கோப்பி இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று துரைமாரின் தோட்டக் கோப்பி. மற்றது சிங்களக் குடியானவர் வீட்டைச் சுற்றி வளர்ந்த நாட்டுக் கோப்பி. இந்த நாட்டுக் கோப்பியைத் திரட்டியதில் நம்மவர் பங்கு பெரிது. உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய தவள மாடுகளுடன் முஸ்லிம் வணிகர்கள் கிராமம் கிராமமாக ஏறினார்கள். திரும்பும்போது பொதிகளில் கோப்பியும் பாக்கும் இருந்தன. வங்கியும் வண்டிச் சாலையும் எட்டாத இடங்களில் விலை பேசி, முன்பணம் கொடுத்து, மழைக்கு முன் சரக்கை இறக்கியவர்கள் இவர்கள். தோட்டச் சரித்திரங்களை எழுதிய துரைமார் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கடந்துவிடாத இடம் ஒன்றுண்டு. தோட்டத்தில் திருடிய கோப்பியை வாங்குபவர்கள் இந்தச் சிறுவணிகர்களே என்பது துரைமாரின் ஓயாத புகார். 1870களில் கோப்பித் திருட்டைத் தடுக்கத் தனிச்சட்டமே வந்தது. திருட்டு நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கொட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி சிறுவணிகனின் சாக்கை நோக்கியே கேட்கப்பட்டது. தோட்டம் நின்ற நிலம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. 1840ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் கிராமத்தவர் சேனை செய்த காட்டை முடிக்குரியதாக்கி, விற்பனைக்கு வழி திறந்துவிட்டிருந்தது.

தோட்டக் கோப்பியின் பயணம் நீண்டது. பழத்தின் சதையை நீக்கி ஊறவைத்துக் கழுவி, மேல்தோலுடன் அரைகுறையாக உலர்த்தி, மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே களங்களில் மீண்டும் காயவைத்து, தோல் நீக்கி, பெண்கள் கையால் தரம் பிரித்து, பீப்பாய்களில் அடைத்து இலண்டனுக்கு ஏற்றுவார்கள். வழியில் மழை பிடித்தால் கொட்டை நிறம் மாறும், விலை விழும். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்த பிறகே இந்தக் கவலை குறைந்தது.

அந்தக் கவலை குறைந்த வேளையில் வேறொன்று வந்தது. 1869இல் மடுல்சீமையில் இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் துவெயிட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்; பூஞ்சணவியல் அறிஞர் பெர்க்லி அதே ஆண்டு அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்ததும் அதே 1869 என்பது ஒரு விநோதப் பொருத்தம்.

துரைமார் ஏன் உடனே விழிக்கவில்லை? அவர்களை ஏமாற்றியது சந்தை விலை. 1870களில் உலக விலை ஏறியபடி இருந்தது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் பாதிக்கும் கீழே சரிந்தபோதும் கையில் வந்த பணம் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே குறைந்ததை ஈடுகட்ட மேலும் காடு வெட்டினார்கள். 1878 அளவில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் நின்றது. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர். பருவக்காற்று நோய்த்தூளைச் சுமந்து செல்ல இதைவிட வசதி வேண்டுமா? 1880இல் வந்த மார்ஷல் வார்ட் இரண்டாண்டு ஆராய்ந்து இதைத்தான் விளக்கினார். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தும், லைபீரியக் கோப்பியை நட்டுப் பார்த்தும் பயனில்லை. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. புகையிரதம் அட்டனைத் தொட்டதும் அதே ஆண்டுதான். ஆனால் அது ஏற்றிச் செல்லவிருந்த கோப்பி அதற்குள் பட்டுக்கொண்டிருந்தது.

இலண்டன் வணிகர்கள் பிரேசிலிடம் திரும்பினார்கள். அவர்களுக்கு அது பெரிய இழப்பல்ல. துரைமார் இடையில் சிங்கோனாவைச் சோதித்து, தேயிலைக்கு மாறினார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே அதைப் பயிரிட்டுக் காட்டியிருந்தார். கோப்பிக்குக் குளிர் மிகுந்துபோன நுவரெலியா உயரங்களும் இப்போது பயன்பட்டன.

மாற்றத்தின் முழுப் பாரமும் இறங்கியது தொழிலாளர் மேல். கோப்பி பருவப் பயிர். ஆடி ஆவணிக்குப் பின் வந்து, அறுவடை முடிந்ததும் மாத்தளை, மன்னார் வழியே ஊர் திரும்பலாம். வழியிலே காட்டில் இறந்தவர் எத்தனையோ பேர் என்றாலும், திரும்பும் வழி ஒன்று இருந்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் கிள்ள வேண்டியது. லயங்கள் நிரந்தரக் குடியிருப்பாயின. குழந்தைகள் அங்கேயே பிறந்தார்கள், பேரர்களும் பிறந்தார்கள். அப்படியிருந்தும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலாரை வந்தேறிகள் என்று சொல்லி நாடற்றவராக்கியது.

இன்று இலங்கை கோப்பியை இறக்குமதியும் செய்கிறது. விதையோ செடியோ உள்ளே வருவதானால் 1999ஆம் ஆண்டின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியும் நோயின்மைச் சான்றும் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றி, நடைமுறையை ஒருமுறைக்கு மேல் தள்ளிவைத்த காடழிப்பு விதி, கோப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையே காட்டச் சொல்கிறது. 1870களில் தவள மாட்டுக்காரனிடம் கேட்ட கேள்வி, இப்போதுதான் தோட்டத்தின் வாசலுக்கு வந்திருக்கிறது.