மரம்போல வர்ணம் பூசிய றிம்

இப்ப ஆராவது மரத்தில சைக்கிள் பாகம் செய்தால் அதை அலங்காரப் பொருளாத்தான் பாக்கிறம். ஆனால் 1930கள் வரை பந்தயச் சைக்கிள்களுக்கு மர றிம் சாதாரண விசயம். பிரான்ஸைச் சுற்றும் 'ரூர் டு பிரான்ஸ்' போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்ச் அதைக் கட்டாயமாகவே வைத்திருந்தார்.

சும்மா பிடிவாதம் இல்லை. பந்தய ரயர்களைப் பசை பூசித்தான் றிம்மில் ஒட்டுவார்கள். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க உலோக றிம் சூடாகும். பசை இளகினால் ரயர் கழன்றுவிடும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அவருடைய பயம் இதுதான்.

1934இல் மாவிக் நிறுவனம் பாரம் குறைந்த அலுமினியக் கலவை றிம்மைச் செய்து, மரம்போல வர்ணம் பூசி, அன்ரொனன் மாஞ் என்ற வீரரிடம் கொடுத்தது. அந்த வருசம் வென்றவர் அவர்தான். 1937இல் உலோக றிம்முக்கு அனுமதி கிடைத்தது.

'பழசு போச்சு, புதுசு வந்திட்டுது' எண்டு தொழில்நுட்ப வரலாற்றை ஒரு வரியில முடிக்கிறது லேசு. இங்க புதுசு உள்ளுக்கு வந்ததே பழசின்ர வேசத்திலதான். விதி மாற மூன்று வருசம் பிந்தினது. மர றிம்மும் முழுசா அழியேல்லை: இத்தாலியில் கிசால்லோ என்ற பட்டறை, போருக்குப் பிறகும் பீச் மரப் பட்டிகளை வளைத்து ஒட்டி றிம் செய்துவந்தது. தோற்ற பொருளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதவேணும்.