பழனிமலையில் பன்றியும் நாயும்: புனக்காவல் வேட்டையான வரலாறு

பழனிமலையில் காட்டுப்பன்றியை நாய்விட்டுப் பிடித்த வழக்கத்தைப் பழங்குடி வேட்டை என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் அடக்கிவிடுவது ஆய்வாளர் பலரின் பழக்கம். மலையின் மக்கள் வரலாற்றோடு அது பொருந்தவில்லை. பழனிமலைப் பளியர் பழங்குடியினரைப் பற்றி ஏசுசபைத் துறவி டாமன் 1908இல் ‘அந்த்ரொபோஸ்’ இதழில் எழுதினார். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் தொடங்கிப் பல்லாண்டு பளியர்களை ஆராய்ந்தார். பளியர் வாழ்வின் அடிப்படை காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் என்பதை இவ்வாய்வுகளிலிருந்து அறிகிறோம். காவல் காக்க வேண்டிய வயல் பழைய பளியர்களுக்கு இல்லை. பன்றியோடு தீராப் பகை பயிரிட்டவனுக்கே இருந்தது. பழனிமலையில் நாயும் ஈட்டியுமாகப் பன்றியின் பின்னே ஓடியது முதன்மையாகப் புனக்காவலின் ஒரு பகுதி என்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்களே அதை வேட்டை என்று தனியாகப் பிரித்தெடுத்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சங்க நூல்களில் கோடைமலை ஒரு வேட்டுவத் தலைவனின் நாடாக வருகிறது. புறநானூற்றின் 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடியநெடுவேட்டுவன் கோடை நாட்டுக்குரியவன். கோடைமலை இன்றைய கொடைக்கானல் பகுதியே என்பது அறிஞர் பலரின் கொள்கை. விலங்குகள் நுழையும் வழிகளை அடைத்துவிட்டு, சினமும் வேகமும் கொண்ட நாய்களை ஏவி மான்கூட்டத்தை வீழ்த்துபவனாக அவன் காட்டப்படுகிறான். இங்கே இரை மான், பன்றி அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பாட்டைப் பன்றி வேட்டைக்குச் சான்றாகக் காட்டுவது சரியாகாது.

பன்றி வரும் இடங்களைத் தனியே தொகுத்துப் பார்த்தால் செய்தி தெளிவாகும். மலைபடுகடாம், விளைந்த புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி அது நுழையும் வழிதோறும் கற்பொறி வைத்திருப்பதைச் சொல்லி வழிப்போக்கரை எச்சரிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நள்ளிரவில் குழிக்குள் பதுங்கித் தண்ணீருக்கு வரும் பன்றியை எதிர்நோக்குகிறார்கள். அது கைகூடாவிட்டால்தான் மறுநாள் பகலில் நாயோடு போய், வலை கட்டி முயல் பிடிக்கிறார்கள். நற்றிணை 82இலோ சேறும் புழுதியும் படிந்த பெரும்பன்றியை நாய்கள் பற்ற, கானவர் ஊனைச் சிறுகுடிக்குக் கொண்டுபோகிறார்கள். ஆக, பொறி, குழி, நாய் என மூன்றும் ஒரே காலத்து வழிமுறைகள். அவற்றுள் மிகுந்த ஆபத்து உள்ளதும் ஆள்பலம் வேண்டுவதும் நாய். எனவே அது எல்லா நாளும் கையாளப்பட்ட முறையாக இருந்திருக்க முடியாது.

ஆபத்து எதில் இருக்கிறது என்று பார்க்கலாம். வளர்ந்த ஆண்பன்றி நூறு கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். கீழ்த்தாடைக் கோரைப்பல் மேற்பல்லோடு உராய்ந்து உராய்ந்து எப்போதும் கூராகவே இருக்கும். தலையைத் தாழ்த்தி மேல்நோக்கிச் சீவினால் நாயின் வயிறு கிழியும். தோள்பகுதித் தோல் தடித்துக் கவசம்போல் இறுகியிருப்பதால் ஈட்டி அங்கே பாயாது, முன்னங்காலுக்குப் பின்னால் குத்த வேண்டும். பன்றியை ஓட விடாமல் குரைத்துச் சுற்றிச் சூழ்ந்து, பாறையிலோ புதரிலோ முதுகு கொடுத்து நிற்கவைப்பதே நாயின் வேலை. அந்தக் கணத்தில் காதைப் பிடித்துத் தொங்கும் நாய் ஒன்றிரண்டு இருந்தால் ஆளுக்குக் குத்த நேரம் கிடைக்கும். ஆள் வந்துசேரத் தாமதித்தால் அடிபடுவது நாய்தான். தமிழகத்தின் வட, மேற்கு மாவட்டங்களில் கிடைக்கும் ‘பன்றிகுத்திப்பட்டான்’ நடுகற்கள், பன்றியோடு பொருது இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்டவை. சிலவற்றில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. போரில் மாண்டவனுக்குச் செய்த அதே மரியாதை பயிர்காத்து இறந்தவனுக்கும் கிடைத்திருக்கிறது என்றே நான் அவற்றைப் படிக்கிறேன்.

நாயினத்தைப் பொறுத்தவரை இன்று கேட்கப்படும் பெயர்கள் கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை. சிப்பிப்பாறை சமவெளியில் முயலை விரட்டும் வேகக்காரன், முட்புதர்ச் சரிவில் அதன் வேகம் பயன்படாது. தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயர் தாங்கிய நாயும் ராஜபாளையமும் பன்றிவேட்டைக்குப் புகழ்பெற்றவை. கம்பம் பள்ளத்தாக்கின் அந்தப் புறத்து ஊரான கோம்பை பழனிமலைக்கு அயலே. ஆனாலும் மலைக்கிராமங்களில் பெரும்பாலும் நின்றது ஊரில் பிறந்த நாட்டு நாய்தான் என்று கருதுகிறேன். வம்சத்தைவிடக் கூட்டாக வேலைசெய்யும் பழக்கமே இதில் முக்கியம். ஜமீன் பெருமையோடு ஒட்டிய இனப்பெயர்கள்தாம் எழுத்தில் நிலைத்தன.

மலையில் பயிர்த்தொழிலைப் பரப்பியவர்கள் குன்னுவர். கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து ஏறியவர்கள் என்பது அவர்களின் மரபு. அவர்களின் நிலத்தில் உழைத்தவர்கள் புலையர். இந்த மலை அடங்கிய திண்டுக்கல் சீமை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயரிடம் வந்தது. 1821இல் வார்டு என்னும் படை அலுவலர் மலையை அளந்தார். அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். மலையின் உயர்ந்த பகுதியான மேல்மலையைச் சுற்றிப்பார்த்து எழுதிய டக்ளஸ் ஹாமில்டன் வேட்டைக்காரரும் கூட. அவரது ‘தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள்’ 1892இல் நூலானது.

ஆங்கிலேயரின் பார்வையில் பன்றிக்கு ஒரு விசித்திரமான தகுதி இருந்தது. வடக்கே மீரட்டில் காதிர் கோப்பைக்காகக் குதிரைமேல் ஈட்டியோடு பன்றியைத் துரத்துவது பிரபுத்துவ ஆட்டம். பேடன்பவல் 1889இல் அதைப் பற்றி நூலே எழுதினார். குதிரை ஓடக்கூடிய நிலத்தில் பன்றியைச் சுடுவது அவர்களுக்கு இழிவு. செங்குத்தான சரிவில் அந்த விதி தளர்ந்தது. நீலகிரியில் அவர்களது வேட்டைநாய்க் கூட்டம் நரியைத் துரத்தியது, பன்றியை அல்ல. மலையில் நாய்ப்படையோடு பன்றி பிடித்த ஐரோப்பியக் கதை வேண்டுமானால் கடல்கடந்து இலங்கையின் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் அங்கே நாய்க்கூட்டம் வளர்த்து, கடமானையும் பன்றியையும் கத்தியால் முடித்தார். நாய்களைக் கொல்வதில் பன்றிக்கு நிகரில்லை என்று அவரும் கண்டார். ஆனால் அவர் பயிர் காக்க அல்ல, பொழுது போக்கவே போனார். ஒரே செயல், ஒரே விலங்கு, ஒரே நாய், நோக்கம் வேறு. பின்னாளைய சட்டங்கள் முதலில் கணக்கில் எடுத்தது பேக்கரின் நோக்கத்தையே.

1878 ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1882 சென்னை வனச்சட்டம் காப்புக்காட்டில் விதிமீறி வேட்டையாடுவதையும் பொறி, கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. துப்பாக்கி இல்லாதவனின் மாற்றுவழிகளே அதனால் அடைபட்டன. காட்டுக்குள் பாய்ந்த பன்றியைத் தொடர்ந்து போகும் நாயும் ஆளும் எல்லைக்கல்லைத் தாண்டியதும் குற்றவாளிகள். 1912ஆம் ஆண்டு காட்டுப் பறவை விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் மானும் முயலும் உண்டு, பன்றி கிடையாது. கொன்றாலும் கேள்வி கேட்காத விலங்காகவே அது கருதப்பட்டது. சட்டம் காத்தது விலங்கை அல்ல, காட்டின் எல்லையை.

1972 வனவிலங்குச் சட்டம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. பன்றியும் பாதுகாக்கப்பட்ட பட்டியலுக்குள் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பின் உரிமம் பெற்று வேட்டையாடுவது என்பதும் இல்லாமல் போனது. ‘வேட்டை’ என்பதன் சட்ட விளக்கத்தில் பிடிக்கவோ கொல்லவோ விலங்கைத் துரத்துவதும் அடங்கும். எனவே வயலில் நிற்கும் பன்றியைக் கொல்லும் எண்ணத்தோடு நாயை ஏவினாலே போதும், வேட்டையாகிவிடும். 2022 திருத்தம் பன்றியை இரண்டாம் பட்டியலில் வைத்தது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டதும் கிராமங்களைச் சுற்றிய நிலத்தின் சட்டத் தகுதி இன்னும் இறுகியது.

இதே காலத்தில் நிலமும் மாறிவிட்டது. புல்வெளிகளில் வனத்துறை நட்ட வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் அடர்ந்து, பன்றிக்கு ஒளிந்திருக்க இடம் பெருகியது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபியும் மலைவாழையும், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும். மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும் விலங்குக்கு இதைவிட விருந்து ஏது? கூட்டாக ஆள் சேர்த்து நாய்விட்டுப் பிடிக்கும் முறை ஒடுங்கியபின், தனி ஆள் இருட்டில் செய்யக்கூடிய கொடிய வழிகள் வந்தன: சுருக்குக் கம்பி, மின்வேலி, பழத்துக்குள் வைக்கும் நாட்டுவெடியான அவுட்டுக்காய். இவை பன்றியை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. யானையும் கன்றுகாலியும் மனிதனும் சிக்குவார்கள். நாய்வேட்டையில் ஆள் நேரில் நின்று, எது முன்னால் நிற்கிறது என்று பார்த்தபின்தான் குத்துவான். அது கொடூரமானது, ஆனால் தவறி வேறொன்றைக் கொல்வது அதில் அரிது. இதைச் சொல்வதால் அந்த முறையை மீட்க வேண்டும் என்று பொருளல்ல. ஊர்நாய்கள் காட்டுக்குள் நுழைவது செந்நாய்க்கு வெறிநோயையும் பிற தொற்றுகளையும் கொண்டுபோகும் வழி.

இப்போது தோட்டத்தில் கட்டியிருக்கும் நாய்க்கு எஞ்சியது குரைக்கும் வேலை மட்டும். இரவில் பன்றி வந்ததைச் சொல்லிவிட்டு, சிறுத்தைக்கு இரையாகாமல் இருந்தால் விடியும்வரை கிடக்கும். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து நிலத்தை மூன்றாகப் பிரித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வந்தால்தான் வனத்துறையினர் சுடலாம். சமவெளி ஊர்களுக்கு இந்த ஏற்பாடு உதவலாம். மேல்மலையின் படிக்கட்டு வயல்கள் பல காப்புக்காட்டை ஒட்டியே கிடப்பதால், மன்னவனூர் விவசாயி தன் கிழங்கைப் பன்றியிடமிருந்து காக்க இந்த ஆணை எதையும் தரவில்லை.