கணிப்பொறி கற்ற பிசிறு

திரையரங்கில் விளக்குகள் அணைந்ததும் திரையில் பெரும்பாலும் முதலில் தோன்றுபவை எழுத்துகளே. சில படங்களில் அவ்வெழுத்துகள் துருவேறிய தகட்டில் கீறியவை போலவும், ஓரம் அரித்துப் போனவை போலவும் நடுங்கிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றை உருவாக்குவது பெரும்பாலும் கணிப்பொறிதான். பிசிறில்லாமல் கோடு போடுவதில் வல்ல அக்கருவி, பிசிறு போடக் கற்றது எப்படி?

முதலில் இது கைவேலையாகவே இருந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன் 1955இல் 'பிளிங்கிட்டி பிளாங்க்' என்னும் குறும்படத்தை எடுத்தார். அதன் உருவங்களைக் காமிராவால் படம்பிடிக்காமல், கறுப்புப் படச்சுருளின் மேற்பூச்சைக் கூரிய கருவிகளால் கீறியே வரைந்தார். திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. ஒரே கோட்டை 24 முறை கையால் கீறினால் ஒன்றைப் போல் மற்றொன்று அமையாது. அச்சிறு வேறுபாடே திரையில் நடுக்கமாகத் தெரிகிறது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல் வெளியான 'செவன்' என்ற அமெரிக்கப் படத்தின் தொடக்க எழுத்துகளைக் கைல் கூப்பர் வடிவமைத்தார். அப்போதும் பல எழுத்துகள் கறுப்பு அட்டையில் கையால் சுரண்டியே எழுதப்பட்டன.

ஆனால், இதே தோற்றத்தைக் கணக்கின் வழியே பெறும் முறை அதற்கு 12 ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டது. 1982இல் வந்த 'டிரான்' படத்தின் கணிப்பொறிக் காட்சிகளுக்காக உழைத்தவர்களுள் கென் பெர்லின் ஒருவர். கணிப்பொறி வரைந்த பொருள்கள் யாவும் இயந்திரத்தனமாகத் தோன்றியது அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1983இல் அவர் கண்ட முறை 'பெர்லின் இரைச்சல்' எனப்படுகிறது. 1985இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1997இல் ஆஸ்கார் குழுவின் தொழில்நுட்ப விருது அதற்குக் கிடைத்தது.

கண்டபடி எண்களைக் கொட்டினால் பிசிறு வந்துவிடாதா? வராது. சுவரின் ஓரிடத்தில் ஈரம் ஏறினால் பக்கத்து இடமும் பொரிகிறது. துருவும் அடுத்த இடத்திற்குப் பரவுகிறது. இயற்கைத் தேய்மானத்தில் அண்டை இடங்களுக்குள் உறவு உண்டு. வெறும் தற்செயல் எண்களில் அந்த உறவு இல்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். வரைபடத் தாளில் 16 செ.மீ. நீளக் கோடு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் பகடை உருட்டி, விழுந்த எண்ணின் உயரத்தில் புள்ளி வைத்து இணையுங்கள். கிடைப்பது வெறும் ரம்பப்பல். இப்போது வேறொரு தாளில் 4 செ.மீ.க்கு ஒருமுறை மட்டும் உருட்டி, புள்ளிகளை வளைவாக இணையுங்கள். பிறகு 2 செ.மீ.க்கு ஒருமுறை உருட்டி, ஒற்றைப்படை விழுந்தால் வளைவை 1 செ.மீ. உயர்த்துங்கள், இரட்டைப்படையானால் தாழ்த்துங்கள். அடுத்து ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் அரை செ.மீ. அளவுக்கு அவ்வாறே செய்யுங்கள். இப்போது தாளில் ஒரு மலைத்தொடர் தெரியும்! பெரிய மேடுகளின்மேல் சிறிய மேடுகள், அவற்றின்மேல் இன்னும் சிறியவை.

பெர்லினின் முறையில் கோட்டுக்குப் பதிலாகக் கட்டங்கள். கட்டத்தின் மூலைகளுக்குத் தற்செயலாகச் சரிவுகள் தரப்படுகின்றன; இடைப்பட்ட புள்ளிகளின் மதிப்பு அவற்றிலிருந்து சீராகக் கணக்கிடப்படுகிறது. எழுத்தின் ஓரத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் அம்மதிப்புக்கு ஏற்ப உள்ளேயோ வெளியேயோ தள்ளினால் ஓரம் அரித்தது போலாகும். காலத்தையும் மற்றோர் அச்சாகச் சேர்த்துக்கொண்டால் அந்த அரிப்பு மெல்ல நகரும். ஒவ்வொரு வடிவத்தையும் இரண்டு மூன்று படங்களுக்கு அப்படியே நிறுத்தி மாற்றினால், கையால் கீறிய நடுக்கம் தோன்றும்.

ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடுவே இருக்கிறது இயற்கையின் தோற்றம். பிசிறைக் கணக்கிட முயன்றபோதுதான் இது தெளிவாகப் புலப்பட்டது. எனினும் ஒரு வேற்றுமை எஞ்சுகிறது. தொடக்க எண்ணை மாற்றாத வரையில் கணிப்பொறி அதே பிசிறை எத்தனை முறை கேட்டாலும் அப்படியே தரும். மெக்லாரனின் கையோ, ஒருமுறை கீறியதை மறுமுறை அப்படியே கீறியதில்லை.