செந்தூல் பட்டறையும் படிவம் மூன்றும்: நம் பிள்ளைகளின் தொழிற்கல்வி வரலாறு

படிவம் மூன்றுக்கு வகுப்பாசிரியராக இருப்பவர்களுக்கு ஆண்டிறுதியில் வரும் தலைவலி தெரிந்ததுதான். யார் அறிவியல் பிரிவு, யார் கணக்கியல், யாருக்குத் தொழிற்கல்லூரி விண்ணப்பம் என்று பிரிக்க வேண்டும். 2022இல் பி.டி.3 தேர்வை எடுத்துவிட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் சிக்கலாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு தாளைக் காட்டிப் பேசலாம். இப்போது வகுப்பறை மதிப்பீட்டை வைத்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் செராஸில் என் வகுப்பில் ஒரு பையன். கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியோடு நிறுத்திவிடுவான். ஆனால் பள்ளியில் மேசை ஆடினாலும் மின்விசிறி சத்தம் போட்டாலும் அவனைத்தான் தேடுவோம். அவனுக்கு வெல்டிங் படிக்க ஆசை. அம்மாவை அழைத்துப் பேசினேன். அவர் கண் கலங்கிவிட்டது. "டீச்சர், நாங்கதான் எண்ணெய்க் கறையோட கஷ்டப்பட்டோம். இவனாவது மேசையில உட்காரட்டுமேன்னு பார்க்கிறோம். நீங்களே இப்படிச் சொல்றீங்களே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா சொன்னதில் ஒரு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் "திவெட் நல்லதும்மா" என்று துண்டறிக்கையைக் கையில் கொடுப்பது நியாயமில்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரயிலிலிருந்து தொடங்குவோம். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றோரம் இருந்த புக்கிட் கூடாவையும் இணைத்துச் சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் பேராக், சிலாங்கூர் இரயில்வேக்கள் ஒன்றாகி ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே உருவானது. இத்தனை என்ஜின்களையும் பெட்டிகளையும் பழுதுபார்க்க ஓர் இடம் வேண்டும் இல்லையா? 1905இல் செந்தூலில் மத்தியப் பட்டறை எழுந்தது. கொதிகலன், வார்ப்பு, கொல்லுவேலை, தச்சு, சாயம் என்று எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்துக்குள். உச்சகட்டத்தில் ஏறக்குறைய 5,000 பேர் அங்கே வேலை செய்தார்கள் என்பார்கள். அவர்களில் தமிழர் கணிசமானோர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்பு, செந்தூலில் பட்டறைக் குடியிருப்பு என்று கோலாலம்பூரின் இரண்டு தமிழ் வட்டாரங்களுமே இரயில் புகையில் வளர்ந்தவை.

என் தாத்தாவின் அண்ணன் செந்தூல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை, எல்லாம் அப்பா சொல்லக் கேட்டதுதான். காலையில் சங்கு ஊதும்போது வாசலுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பளம் வெட்டு. கையாளாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, எண்ணெய் துடைத்து, திட்டு வாங்கி, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அங்குல அளவுகோலைக் கையில் கொடுத்தால் பதினாறில் ஒன்றை "வீசம்" என்பாராம், முப்பத்திரண்டில் ஒன்றை "அரைவீசம்" என்பாராம். சின்ன வயதில் வாத்தியார் அடித்து மனப்பாடம் செய்யவைத்த எண்சுவடி, இங்கிலாந்திலிருந்து வந்த என்ஜினின் இடைவெளியை அளக்கப் பயன்பட்டிருக்கிறது! பின்னம் நடத்தும் கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பட்டறைக்குள்ளேயே ஒரு படிநிலை இருந்தது. இரயில்வேயில் கிராணி, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறையப் பேர். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தண்டவாளத்திலும் பட்டறைத் தரையிலும் நின்றார்கள். பேசிய மொழி ஒன்றுதான். பள்ளி வேறாக இருந்ததால் நாற்காலியும் வேறாகிவிட்டது. "மேசையில உட்காரட்டும்" என்ற ஆசை நம் வீடுகளில் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது.

தோட்டத்தில் நிலைமை இதைவிட மோசம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுவரை உள்ள ஒரே இனப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் இந்தச் சட்டம்தான் என்பது நமக்குத் தெரியும். பள்ளி வேண்டும் என்று சொன்ன சட்டம் அங்கே யார், என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. எழுத, படிக்க, கணக்குப் போடத் தெரிந்தால் போதும். பல இடங்களில் கிராணியோ மண்டோரோதான் வாத்தியார். பால்மரம் சீவுவது நுணுக்கமான கைத்திறன். பட்டையைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் மரம் புண்ணாகிவிடும், மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. அதை அம்மாவுக்குப் பின்னால் வாளி தூக்கிப்போன பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டது. அதற்கு ஒரு சான்றிதழும் கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் அந்தத் திறனுக்கு விலையும் கிடையாது. பின்னாளில் இதன் வலி தெரிந்தது.

அதே காலத்தில் நகரத்தில் என்ன நடந்தது? 1906இல் கோலாலம்பூரில் திரேச்சர் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கியது. பொதுப்பணித் துறை போன்ற அரசாங்க இலாகாக்களுக்குத் தொழில்நுட்ப உதவியாளர்களைத் தயாரிப்பது அதன் வேலை. அந்த வழியில் வளர்ந்ததுதான் பின்னர் ஜாலான் கர்னியில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரி. அது 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் இன்று நாம் யு.டி.எம். என்று அழைக்கும் பல்கலைக்கழகமானது. இன்னொரு பக்கம் 1926இல் கோலாலம்பூரில் முதல் தொழிற்பள்ளி திறந்தது. பொருத்துநர், மெக்கானிக் ஆகியோரைப் பழக்குவதற்கான பள்ளி அது. ஒன்று மேற்பார்ப்பவர்களை உருவாக்கும் வழி, மற்றது கையால் வேலை செய்பவர்களை உருவாக்கும் வழி. தொடக்கத்திலேயே இப்படி இரண்டு வாசல். முதல் வாசலில் போனவர்கள் பல்கலைக்கழகம் வரை போனார்கள். இரண்டாம் வாசலுக்கு மேலே படியே கட்டவில்லை. தொழிற்கல்வியை "படிக்காதவன் போற இடம்" என்று நம் மக்கள் சொல்வதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது என் கருத்து. கட்டடமே அப்படித்தான் கட்டப்பட்டது.

(இடையில் ஒரு செய்தி. 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நேசநாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையின் மேல் குண்டு போட்டன. ஜப்பானியர் கையில் இரயில் ஓடக்கூடாது என்பதற்காக. ஒரு பட்டறை ஒரு நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று படிவம் ஒன்று வரலாற்றுப் பாடத்தில் நான் கேட்பதுண்டு.)

பிரிக்பீல்ட்ஸில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தொழிற்பயிற்சி வரலாறும் உண்டு. 1951இல் பார்வையற்றோர் சங்கம் அமைந்தது. 1953இல் அதன் கர்னி பயிற்சி நிலையம் திறந்தது. பார்வையற்றவர்கள் கூடை முடைவது, தொலைபேசி இயக்குவது, உடம்பு பிடித்துவிடுவது என்று கைத்தொழில் கற்றார்கள். இன்றைக்கு பிரிக்பீல்ட்ஸ் சாலையோரம் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் கடைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பின்னால் இந்த வரலாறுதான். ஒரு பயிற்சி ஒரு தெருவின் முகத்தையே மாற்றும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு.

விடுதலைக்குப் பிறகு கதை வேகம் பிடிக்கிறது. 1965இல் எல்லாருக்கும் படிவம் மூன்றுவரை கல்வி என்ற நிலை வந்தது. அதற்கு முன் ஆறாம் ஆண்டு முடிந்ததும் எழுதும் நுழைவுத் தேர்வில் தோற்றவர்கள் பள்ளியை விட்டே போக வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் இருந்து போன பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, புதிய மொழியில் மூச்சுத் திணறி, படிவம் மூன்று முடிப்பதற்குள் பலர் நின்றுவிட்டார்கள். 1970களில் தொழிற்பள்ளிகள் பெருகின. எஸ்.பி.வி.எம். என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் வந்தது. 1969இல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கியது. ஆனால் இந்தப் பள்ளிகளின் வாசலுக்கு வருவதற்கே படிவம் மூன்றைத் தாண்ட வேண்டும். நம் பிள்ளைகள் பலர் அதற்கு முன்பே வாளியைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தோட்டமும் கைவிட்டது. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல். 1969இல் வேலை பெர்மிட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாத தமிழர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். 1980, 90களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், செராஸ் சுற்றுவட்டாரத்துக்கு வந்தன. பால்மரம் சீவும் கையை நகரத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. பையன்கள் லாரி கிளீனர், காவலாளி, கார் கழுவும் வேலை என்று நின்றார்கள்.

அந்தப் பிள்ளைகளில் சிலரைத் தாங்கிப் பிடித்த இடங்களும் உண்டு. ஷா ஆலமில் 1959இல் தொடங்கிய மொன்ட்ஃபோர்ட் பையன்கள் இல்லத்தில் ஏழைப் பையன்கள் தங்கித் தொழில் கற்றார்கள். அண்மைக் காலத்தில், 2011இல் தொடங்கிய மை ஸ்கில்ஸ் அறவாரியம் உலு சிலாங்கூர் களும்பாங்கில் வளாகம் அமைத்து, பள்ளியை விட்ட இந்திய இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறது. இவர்கள் செய்த வேலையை நாம் பள்ளிக்குள்ளேயே செய்திருக்கலாமோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

இப்போது சான்றிதழ் பக்கம் வருவோம். இதுதான் ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். 1989இல் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் அமைந்தது, 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. எஸ்.கே.எம். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் திறன் டிப்ளோமா என்று படிகள் கட்டப்பட்டன. முதல் படியில் ஏற எஸ்.பி.எம். வேண்டியதில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேச, படிக்க, எழுதத் தெரிந்தால் போதும். ஏற்கெனவே பத்து வருஷம் வெல்டிங் செய்தவர், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டியே சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. 2005இல் வந்த இரட்டைப் பயிற்சி முறையில், ஜெர்மனியைப் பார்த்து, பெரும்பகுதி நேரம் தொழிற்சாலையிலும் மீதி நேரம் வகுப்பிலும் கற்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை செய்துகொண்டே கற்பதைத்தானே என் தாத்தாவின் அண்ணன் செந்தூலில் செய்தார்? ஒரே ஒரு வித்தியாசம், அவர் கையில் யாரும் தாள் கொடுக்கவில்லை.

2012இல் தொழிற்பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக மாறத் தொடங்கின. படிவம் மூன்று முடித்து நான்கு ஆண்டு படித்தால் டி.வி.எம். டிப்ளோமா. 1926இல் கட்டாமல் விட்ட படியை எண்பத்தாறு வருஷம் கழித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். படி வந்துவிட்டது, ஏறுவதற்கு விண்ணப்பிக்க வேண்டுமே. விண்ணப்பம் இணையத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறந்திருக்கும். நம் பெற்றோருக்கு அது திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. தமிழாசிரியர் சொன்னால்தான் தெரியும். செராஸில் ஜாலான் யாக்கோப் லத்திப்பில் தொழில்நுட்ப இடைநிலைப்பள்ளி இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகும் பெற்றோர்களிடம் அது என்ன பள்ளி என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியவில்லை.

அந்தப் பையனின் அம்மாவிடம் மறுபடியும் பேசினேன். இந்தக் கதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அரைவீசம் கதையைக் கேட்டபோது அவர் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது, அவரும் ஏதோ ஒரு ஸ்டோரில் என்ஜின் பார்த்தவராம். "நாங்க பட்டது எண்ணெய்க் கறையில்ல டீச்சர், மரியாதை இல்லாததுதான்" என்றார். நான் அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன். விண்ணப்பத்தை மூவரும் சேர்ந்து பள்ளிக் கணினியில் நிரப்பினோம். முதல் விருப்பம் வெல்டிங், இரண்டாவது மின்னியல் என்று பையனே தட்டினான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ மாணவர் வீட்டிலோ செந்தூல் பட்டறையிலும் தோட்டத்து ஸ்டோரிலும் வேலை செய்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்கள் கருவிகளுக்கும் அளவுகளுக்கும் சொன்ன தமிழ்ச் சொற்களை மாணவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நேர்காணல் கட்டுரைக்கும் நல்ல தலைப்பு. கிடைத்த சொற்களை இந்த இதழுக்கு அனுப்புங்கள். வீசமும் அரைவீசமும் என் பங்கு.