சாவியும் தொறப்பும்

தர்மபுரியில் சிநேகிதர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவருடைய பையன், நாலாவது படிக்கிறவன், இங்கிலீஷ் வார்த்தைகளை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தான்.

"விண்டோ என்றால் ஜன்னல். கீ என்றால் சாவி. டேபிள் என்றால் மேசை. கப்போர்டு என்றால் அலமாரி. பைனாப்பிள் என்றால் அன்னாசி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜனேலா, சாவே, மேசா, அர்மாரியு, அனனாஸ்: தமிழ் என்று அவன் ஒப்பித்த அத்தனையும் போர்த்துகீசியர் தந்த சொற்கள். லிஸ்பன் நகரத்துப் பிள்ளை ஒருவன் ஆங்கிலம் கற்கிற பாடத்தை இந்தப் பையன் அல்லவா படித்துக்கொண்டிருக்கிறான்! இத்தனைக்கும் போர்த்துகீசியர் ஆட்சி எட்டிப் பார்க்காத சீமை இது. கடற்கரையில் இறங்கிய சொற்கள் வாய்க்கு வாய் மாறி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றன.

அவர்கள் கொடுத்துவிட்டு மட்டும் போகவில்லை. நம் வார்த்தைகளைக் கற்க அவர்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரண்டு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஜபங்களைத் தமிழாக்கினார். 1544-ல் தம் சகாவான மான்சில்லாஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம், அதற்கு 'விரும்புகிறேன்' என்று அர்த்தமாம். 'விசுவாசம்' என்றே சொல்ல வேண்டும் என்கிறார். அதுவரை பரதவர்கள் கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில் கடவுள் வேணும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தப்பாக வந்த அந்த ஜபந்தான் அதிக உண்மையானது.

1554-ல் லிஸ்பனில் ஒரு சிறு புஸ்தகம் அச்சாயிற்று. தமிழ் வார்த்தைகள் ரோமன் எழுத்தில். கூடவே போர்த்துகீசிய அர்த்தம். அதைச் செய்தவர்கள் அங்கே வசித்த மூன்று தமிழர்கள்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யு, தோமா த குரூஸ். சொந்தப் பெயரைக்கூட விட்டுவிட்டவர்கள் மொழியை விடவில்லை.

ஹென்றீக் ஹென்றீக்கஸ் பாதிரியாரை மட்டும் இரண்டு வரியில் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 1547-ல் கரைக்கு வந்தவர். துபாஷியை நடுவில் வைத்துப் பேசுவது அவருக்குச் சகிக்கவில்லை. ஒருவன் தன் பாவத்தைச் சொல்ல வருகிறான். அதைக் கேட்க மூன்றாம் மனிதன் எதற்கு? உட்கார்ந்து படித்தார். லத்தீன் இலக்கணத்தின் சட்டத்தில் தமிழ் வினைகளை மாட்டிப் பார்த்துத் தாமே ஓர் இலக்கணம் எழுதினார். தம்மோடு இருந்த பாதிரிமார் தமக்குள் தமிழிலேயே பேச வேண்டும், போர்த்துகீசியம் பேசினால் தண்டனை என்று ஏற்பாடு. தமிழ் பேசியதற்காக அபராதம் கட்டி வீட்டுக்கு வருகிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்தச் செய்தியை முதலில் படித்தபோது புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புஸ்தகம் அதுதான். நூறு வருஷம் கழித்து, 1679-ல், அம்பலக்காட்டில் அந்தாம் த புரோவென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சேறியது. பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

இவற்றையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கையில் சிநேகிதரின் தாயார் கொல்லையிலிருந்து வந்தார்.

"ஏன்டா கண்ணு, பொட்டித் தொறப்பு எங்கடா?"

பையன் எடுத்துக் கொடுத்தான். பிறகு என்னிடம் வந்து, "மாமா, தொறப்புக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டான்.

"கீ" என்றேன்.

"அது சாவிக்கு, மாமா" என்றான்.